மூன்று மீட்டர் ஆழத்துப் பனி

கிரெனோபிள் ஆய்வுக்கூடத்தில் ஒடெத் பிரசெட்டுக்கு விஞ்ஞானி என்ற பட்டமெல்லாம் கிடையாது. தென்துருவத்திலிருந்து உறைந்தபடியே வந்து சேரும் பனியை உருக்குவாள், வடிதாளில் வடிப்பாள், அந்தத் தாளை ஈயச் சுவருக்குள் இருக்கும் கதிர்வீச்சுமானியின் கீழ் வைப்பாள். மணிக்கு இருபது துடிப்பு கூடினாலே அது பெரிய செய்தி. பதினோரு வருடமாக இதே வேலை.

அணுகுண்டுச் சோதனைகளின் தூசி துருவப் பனியிலும் படிந்திருந்தது. 1955இலும் 1965இலும் அதிகம். அந்த இரண்டு அடுக்குகளும் கிடைத்துவிட்டால் மற்ற பனியின் வயதைச் சொல்லிவிடலாம். 1974இல் வந்த பனியில் இரண்டும் கிடைத்தன. ஆனால் அவற்றுக்கு நடுவில், மூன்று மீட்டர் ஆழத்தில், இரண்டையும் தூக்கியடிக்கும் எண் ஒன்று வந்தது.

தலைவர் திபோவுக்குத் தலைகால் புரியவில்லை.

"யாருக்குமே தெரியாத வெடிப்பு, மதாம்! நாளைக்கே ஆய்விதழுக்குக் கடிதம் எழுதி அனுப்பிடறேன்."

"ரெண்டு நாள் பொறுங்க, மெஸ்யே."

"ஏன், மெஷின் பொய் சொல்லுதா?"

"அது சொல்லாது. நமக்குத்தான் அவசரம்."

பனியில் கலந்து விழுந்த தூசி என்றால் தாள் முழுக்கச் சமமாகப் பரவியிருக்க வேண்டும். ஒடெத் தாளை நான்காக வெட்டி அளந்தாள். மூன்று துண்டுகள் வாயே திறக்கவில்லை. நான்காவது படபடவென்று பொரிந்தது. அதைப் புகைப்படச் சுருளோடு சேர்த்து இரண்டு நாள் வைத்தாள். கதிர்வீச்சு பட்ட இடம் சுருளில் கறுக்கும். கழுவிப் பார்த்தபோது கடுகளவு கறுப்புப் புள்ளி; ஒரே ஒரு துகள்.

துருவத்தில் அந்தப் பனிக்குழியை வெட்டிய ரெமியைக் கூப்பிட்டாள்.

"குழிக்குள்ள எறங்குறப்ப என்னென்ன போட்டிருந்தே?"

"கோட்டு, கையுறை... என்ன மதாம், பாவமன்னிப்புக்கு வந்த மாதிரி கேக்கறீங்க?"

"கடிகாரம்?"

"அப்பாவோட பட்டாளத்துக் கடிகாரம். இருட்டுல மின்னும். கண்ணாடி அங்கதான் ஒடைஞ்சுது..." சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது. "ஐயோ!"

"அந்த மின்னுற பூச்சுல ரேடியம் இருக்குப்பா. அதுல ஒரு துணுக்குதான் பனியில விழுந்திருக்கு. இனிமே கையில கட்டாதே."

அதே அடுக்கில் மிச்சமிருந்த பனிக்கட்டியின் மேல்பரப்பைச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருந்ததை உருக்கி அளந்தாள். மானியில் சத்தமே இல்லை. திபோ எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டார். பிறகு வெளியிட்ட கட்டுரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் சேர்த்தார். ரெமியின் கடிகாரத்தைப் பற்றி ஒடெத் வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவள் ஓய்வுபெறும்வரை, எந்த எண் வெளியே போவதானாலும் திபோ கேட்பது ஒன்றுதான்: "மதாம் ஒடெத் பாத்தாச்சா?"