பதினோராவது கடிதத்தின் கையெழுத்து

குமாரசாமி ஒரு சந்தேகப் பிராணி. இதை அவருக்கு ஆகாதவர்கள் யாரும் சொல்லவில்லை. இருபது வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிற நாகலக்ஷ்மியே சொல்வாள். பால் கேனில் அச்சடித்த தேதியைக் கடைக்காரன் அழித்து எழுதியிருப்பான் என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அபார்ட்மென்ட் ஆபீஸிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து அட்டை வந்தபோது, வாடகையை ஏற்றப் போகிறான் என்றார். அந்த மாதமே ஏற்றினார்கள். மனுஷர் கெட்டுப்போனது அதிலிருந்துதான்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு நூல் மில்லில் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மச்சினன் ஸ்பான்சர் செய்து, தொண்ணூற்று நாலில் டெக்சாஸ் இர்விங்குக்கு வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதில் இங்கே என்ன வேலை கிடைக்கும்? எட்டு மாதம் மச்சினன் வீட்டு ஹாலில் படுத்துக்கிடந்தார். மச்சினன் மனைவி சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, ஆனால் குளிர்பெட்டியை அவர் திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். மறுபடி அந்த ஹாலுக்குப் போவதைவிட ஊருக்கே திரும்பிவிடலாம் என்று நாகலக்ஷ்மியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த ஹாலிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தவன் மகாதேவன். தென்காசிக்காரன், வயதில் பத்து வருஷம் இளையவன். ஒரு சின்ன கூரியர் கம்பெனி டிப்போவில் மேஜை வேலை பார்த்தான். டிரைவர்கள் பட்டுவாடா செய்து கையெழுத்து வாங்கி வரும் சீட்டுகளைச் சாயங்காலம் தட்டில் போடுவார்கள். அவன் எண்ணி, கம்ப்யூட்டரில் ஏற்றி, பூட்டிவைப்பான். கோயிலில் பார்த்த அறிமுகம்தான். மேனேஜரிடம் பேசி டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டான். நம் ஆள் சும்மா இருப்பாரா? முதல் மூன்று மாதம், இவன் நம் சம்பளத்தில் எவ்வளவு கமிஷன் அடிக்கிறானோ என்று சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகாதேவன் அடித்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாகலக்ஷ்மி சுட்ட தோசைதான்.

தொண்ணூற்று ஆறு ஜூலையில் அந்தக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. உள்ளூர் அமெரிக்க ஃபுட்பால் கிளப்பின் பெரிய ஆட்டக்காரர் டுவேன் ஹாலிஸ். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்க, சம்பளத்தை ஏற்றிப் புதிதாக எழுதினால்தான் பயிற்சிக்கு வருவேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். வராத ஒவ்வொரு நாளுக்கும் நாலாயிரம் டாலர் அபராதம் என்று கிளப் தினமும் ஒரு கடிதம் அனுப்பியது. கடிதம் சேர்ந்ததற்கு அத்தாட்சி, அவர் போடும் கையெழுத்துதான். ஹாலிஸ் வீடு இருந்த லாஸ் கொலினாஸ் பக்கம்தான் குமாரசாமியின் ரூட். ஆகவே நாலாயிரம் டாலரைத் தினமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பாயிற்று.

முதல் நாள் போனபோது ஹாலிஸ் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சிரித்தபடியே கையெழுத்துப் போட்டு, வெயிலில் வந்திருக்கிறாயே என்று ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார். குமாரசாமி அதன் மூடியைத் தெருமுனையில் வண்டியை நிறுத்திச் சோதித்துப் பார்த்த பிறகே குடித்தார். நாலாயிரம் போகிறதே என்று ஒருத்தன் அழ வேண்டாமா? இது கிளப்பும் ஆட்டக்காரரும் சேர்ந்து டிக்கெட் விற்கப் போடுகிற நாடகம் என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

டெக்சாஸில் ஃபுட்பால் என்றால் பைத்தியம். ஹாலிஸ் கையெழுத்துப் போட்ட சீட்டைப் பார்க்க டிரைவர்கள் தட்டைச் சுற்றிக் கூடினார்கள். ஒருத்தன் இருபது டாலர் தருகிறேன் என்று கண்ணடித்தான். மகாதேவன் சீட்டைத் தூக்கிப் பிடித்து, மற்றவர்களுக்குப் புரியாமல் தமிழில் சொன்னான்: "அண்ணாச்சி, சந்தையில வச்சா இது நூறு டாலருக்குப் போவும் பாத்துக்கிடுங்க." சொல்லிச் சிரித்துவிட்டுத் தட்டில் போட்டான். சிரித்தவன் மறந்துவிட்டான், கேட்டவர் மறக்கவில்லை.

பதினோராவது கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை. குமாரசாமி டிப்போவுக்குத் திரும்பியபோது மகாதேவன் நாற்காலியில் இல்லை. தட்டு திறந்து கிடந்தது, பக்கத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் மகாதேவன் யாரோ ஒரு வெள்ளைக்காரனோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அந்த ஆள் கையில் ஒரு கவர். விலை பேசுகிறான் என்று குமாரசாமியின் மனசு உடனே தீர்ப்பெழுதிவிட்டது. மற்ற சீட்டுகளைத் தட்டில் போட்டார், ஹாலிஸ் கையெழுத்துள்ள சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேனேஜர் அன்றைக்குக் கிளம்பிப் போயிருந்தார். திங்கட்கிழமை அவர் கையிலேயே நேராகக் கொடுத்துவிடுவது, அப்போது தெரியும் இவனுடைய வண்டவாளம். வாடிக்கையாளர் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் அன்றைக்கே வேலை போகும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. மற்றவர்கள் எப்போது மாட்டுவார்கள் என்று அதைப் பலமுறை படித்தவர்தான் அவர்.

திங்கட்கிழமை அவர் போவதற்கு முன்பே டிப்போ ரணகளமாகியிருந்தது. வெள்ளிக்கிழமைக் கடிதம் ஹாலிஸுக்கு வரவே இல்லை, அந்த நாள் அபராதம் செல்லாது என்று அவருடைய ஏஜென்ட் சொல்லிவிட்டானாம். கிளப் அத்தாட்சி கேட்டது. கணக்கில் எல்லாச் சீட்டும் வந்ததாக இருந்தது, பூட்டிவைத்த சீட்டுக் கட்டில் அந்த ஒன்று மட்டும் இல்லை. மேனேஜர் குமாரசாமியையும் மகாதேவனையும் ஒன்றாக நிற்கவைத்து, சீட்டைக் கொடுத்தாயா என்று குமாரசாமியைக் கேட்டார்.

சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் தீர்ந்தது. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது சுவரில் ஒட்டிய காகிதமும் மச்சினன் வீட்டு ஹாலும்தான்.

"ட்ரேல போட்டுட்டேன் சார்," என்றார் ஆங்கிலத்தில்.

மகாதேவன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவனை வெளியே அனுப்பிவிட்டு, இதை விற்பதைப் பற்றி யாராவது பேசினார்களா என்று மேனேஜர் தனியாகக் கேட்டார். அங்கே ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷர் நிறுத்தவில்லை. நூறு டாலர் பேச்சைச் சொன்னார். சொல்லும்போது அது பொய்யில்லை என்ற தைரியம் வேறு. மத்தியானமே மகாதேவனின் சாவியை வாங்கிக்கொண்டு வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை சட்டையைத் துவைக்க எடுத்தபோதே சீட்டைப் பார்த்திருந்த நாகலக்ஷ்மிக்கு, மகாதேவன் வேலை போனதைக் கேட்டதும் விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்குத் தட்டில் சோறு விழுந்தது, பேச்சு விழவில்லை. வியாழக்கிழமை டிவியில் ஹாலிஸ் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதைக் காட்டினார்கள். சமாதானமாகிவிட்டதால் அபராதம் முழுவதையும் கிளப் தள்ளுபடி செய்துவிட்டதாம். அதாவது அந்தப் பதினோராவது சீட்டுக்கு இனி காலணா மதிப்பில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் டிராமான்னு," என்று குமாரசாமி ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"இப்பவாச்சும் போயிச் சொல்லுங்க. அந்தத் தம்பி நம்ம ஊட்டுல கை நனைச்ச புள்ளைங்க," என்றாள். திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். உண்மையிலேயே சொல்லிவிடத்தான் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகாதேவனே வந்தான். ஹூஸ்டனில் ஹில்க்ராஃப்ட் தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றான். அந்த வெள்ளிக்கிழமை தன்னிடம் பேசிக்கொண்டிருந்தவர் இன்ஷூரன்ஸ்காரர், பழைய காரின் கிளெய்ம் செக்கைக் கொடுக்க வந்தார் என்று பேச்சுவாக்கில் சொன்னான். எதற்காக இதைச் சொல்கிறான், உளவு பார்க்கிறானா என்று குமாரசாமியின் மனசு அப்போதும் துருவியது. நாகலக்ஷ்மி கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்தான். குமாரசாமி கார் வரைக்கும் கூடப் போனார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. பெட்ரோல் போட்டாச்சா என்று மட்டும் கேட்டார்.

கார்க் கதவைத் திறந்தபிறகு மகாதேவன் நின்றான்.

"வெள்ளிக்கிழமையே ஒரு சீட்டு கொறைஞ்சுது அண்ணாச்சி. வண்டியில விட்டுட்டீங்க, திங்கக்கிழம கொண்டுவந்துருவீங்கன்னு நெனச்சு, வந்ததா என்ட்ரி பண்ணிட்டேன். உங்களுக்கு ஒரு ரிமார்க் விழக்கூடாதுல்லா."

குமாரசாமி தரையைப் பார்த்தார்.

"நூறு டாலருன்னு நான் சொன்னத மேனேஜர் என்கிட்ட கேட்டான். அத நான் தமிழ்லதான் சொன்னேன்."

அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெயிலில் வெறும் காலோடு குமாரசாமி நின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு யார்மேலும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். போனால் போகட்டும் வேலை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் போனார். கதவைத் தட்டுவதற்குள் மேனேஜரே வெளியே வந்து தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனார். மகாதேவனின் மேஜை காலியாக இருக்கிறது, மணிக்கு இரண்டு டாலர் கூட, உட்கார்ந்த இடத்து வேலை என்றார். இந்த டிப்போவில் நான் நம்பக்கூடிய ஆள் நீ ஒருவன்தான் என்றும் சொன்னார்.

குமாரசாமியின் கை சட்டைப் பை வரைக்கும் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"தேங்க் யூ சார்," என்றார்.