குளிர் அறையில் கேட்ட காலடி

1. கதவு

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மீனை உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் சேம்பர் ஆள். சேம்பர் என்பது மைனஸ் பதினெட்டில் இருக்கும் பெரிய குளிர் அறை. மீன் பெட்டிகளை உள்ளே அடுக்குவதும், லோடு போகும்போது எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உதவும், எழுதுங்கள் என்று சூப்பர்வைசர் சரவணன் சொன்னதால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். கதவை மூடுகிறவர் வாசலில் நின்று, "உள்ள யாரு?" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் லைட்டை அணைத்துவிட்டுக் கதவை மூடலாம். ஸ்விட்ச் வெளியேதான் இருக்கிறது. கதவின் உட்பக்கம் ஒரு குமிழ் உண்டு. அதை அழுத்தினால் உள்ளிருந்தும் திறக்கலாம்.

சேம்பர் குரலை விழுங்கிவிடும். வாசலில் கூப்பிடுவது கடைசி வரிசையில் நிற்பவருக்குத் தன் மண்டைக்குள் யாரோ பேசுவது போலக் கேட்கும். பனியைக் கரைக்க டீஃப்ராஸ்ட் போடும்போது காற்றாடிகள் நின்றுவிடும். அப்போது பெட்டிகளும் சுவரும் டக், டக் என்று தாமாகவே சத்தம் போடும். கவரில் கட்டாமல் அடுக்கிய வஞ்சரங்களின் கண்களில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பழகியது. ஆனாலும் கடைசி வரிசைக்கு முதுகைக் காட்டி நின்று நான் வேலை செய்ததில்லை.

2. ஆதாம்

என் மகள் கல்யாணமாகிப் போனபோது அவளுடைய பைபிளை வீட்டிலேயே விட்டுப் போனாள். அதைத்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்ரசர் ரூம் படியில் உட்கார்ந்து படிப்பேன். எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு ஏறும். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் பக்கம் நகராது.

சரவணன் பக்கத்துக் கடற்கரை ஊரான வீராம்பட்டினத்துக்காரன். கேலி பேசாமல் அவனால் என்னைத் தாண்டிப் போக முடியாது.

"இன்னாண்ணே, ஆதாம் இன்னும் பழத்த தின்னு முடிக்கலையா?"

"தின்னுட்டாரு. ஒளிஞ்சிட்டு இருக்காரு."

"எங்க ஒளிஞ்சாலும் முதலாளி உடமாட்டாருண்ணே."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பழத்தைத் தின்ற பிறகு, குளிர்ந்த காற்று வீசும் நேரத்தில், கடவுள் தோட்டத்தில் நடக்கிற சத்தம் அவர்களுக்குக் கேட்கிறது. மரங்களுக்கு நடுவே ஒளிகிறார்கள். எங்கே இருக்கிறாய் என்று கடவுள் ஆதாமிடம் கேட்கிறார். வாய்விட்டுப் படிக்கிறவன் அந்தக் கேள்வியை ஏதாவது ஒரு குரலில் படித்துத்தான் ஆக வேண்டும். நான் எங்கள் முதலாளி பாயின் குரலில் படித்தேன். லோடு தாமதமானால், "சூசை, எங்கடா இருக்க?" என்று கம்பெனி முழுவதும் அதிர என்னைக் கூப்பிடுவாரே, அந்தக் குரல். எல்லாம் தெரிந்த கடவுள் எதற்குக் கேட்க வேண்டும்? மாட்டிக்கொண்டாய் என்று சொல்லத்தான் என்று எண்ணினேன். அந்தக் கடவுளிடம் எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது.

3. வெள்ளிக்கிழமை

ஒரு வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து மீன் வாங்குபவர்கள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். கையில் கேமரா. "சேம்பரப் பத்தி சூசை சொல்லுவான், பழைய ஆளு" என்று பாய் அவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. புது மனிதர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. ரப்பர் கன் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஜெர்கின்கூட எடுக்காமல் சேம்பருக்குள் போய்க் கடைசி வரிசைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துப் படம் எடுத்தார்கள்.

சரவணன் வழக்கப்படி குரல் கொடுத்தான். "உள்ள யாரு?"

பதில் சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வர வேண்டும். அவர்கள் நகர்ந்ததும் குமிழை அழுத்தி வெளியே போய்க்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். லைட் அணைந்தது. கதவு மூடியது.

சிறிது நேரம் பொறுத்து, தடவித் தடவிக் கதவுக்கு வந்து குமிழை அழுத்தினேன். அசையவில்லை. பனி இறுகிக் கல்லாகியிருந்தது. கதவைத் தட்டினேன். கனமான கதவு அது, சத்தம் வெளியே போகாது. வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை கம்பெனிக்கே சாப்பாட்டு நேரம். அரைக்கைச் சட்டையோடு அவ்வளவு நேரம் உள்ளே உயிரோடு இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

4. நடை

முதலில் விரல்கள் மரத்தன. பிறகு உடம்பு நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. அது நல்லதல்ல. கத்த நினைத்தேன், தாடை திறக்கவில்லை. கதவோரம் சாய்ந்து உட்கார்ந்தேன்.

காற்றாடிகள் நின்றன. டீஃப்ராஸ்ட். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பனி வெடிக்கும் சத்தம் எனக்குத் தெரியும். இது அது அல்ல. கடைசி வரிசையில், நான் ஒளிந்திருந்த இடத்தில், யாரோ நடந்தார்கள். அவசரமில்லாத நடை. ஒரு வரிசை முடிந்ததும் நின்றது. அடுத்த வரிசைக்குத் திரும்பியது. தேடுகிறவர் நடப்பது போல, இருட்டில், வரிசை வரிசையாக என் பக்கம் வந்தது. கதவு திறக்கவே இல்லை. உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை.

தோட்டத்தில் கேட்ட நடை நினைவுக்கு வந்தது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் முன்னால் வந்து அது நின்றது. மூச்சுச் சத்தம் இல்லை. ஒன்றும் செய்யவுமில்லை. நின்றது, அவ்வளவுதான்.

அதன் பிறகு கதவு திறந்தது.

"சூசை, எங்கடா இருக்க? சத்தம் குடுறா. டேய் சூசை."

லைட் எரிந்தது. எதிரே யாரும் இல்லை. பாய் வெறுங்காலோடு பனித் தரையில் ஓடி வந்தார். காலடியிலேயே கிடந்த என்னைக் காணாமல் தாண்டி, கடைசி வரிசை வரை கூப்பிட்டுக்கொண்டே போனார். அவர் தலையில் தொப்பி. முழங்கை வரை ஈரம். அந்தக் குரல் உடைந்திருந்தது. எத்தனையோ வருடம் கேட்ட அதே வார்த்தைகள். அவற்றுக்குள் அழுகை இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

5. பாய்

ஆபீஸில் போர்வையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். பேச்சு வந்ததும் பாய் திட்டத் தொடங்கினார்.

"போட்டோக்கு நிக்க பயந்து, போட்டோவாவே தொங்கப் பாத்தியேடா."

சரவணன் அழுதுகொண்டே சொன்னான். "நான் குரல் குடுத்தேன் பாய். பதில் வரல."

"இவன் எப்பதான் பதில் சொல்லியிருக்கான்?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். என் செருப்பு சேம்பர் வாசலில் கிடந்ததாம். சாப்பாட்டுப் பை பிரிக்காமல் இருந்ததாம். அது சரி, தொழுகைக்குப் போனவர் ஏன் திரும்பி வந்தார்?

"நீ கூப்டதாலதான்டா. பள்ளிவாசல்ல கை கால் கழுவிட்டு இருக்கேன், காதுகிட்ட 'பாய்'னு கூப்ட்ட. உன் குரலு. செருப்பக்கூடப் போடாம வந்துட்டேன்."

"நான் கூப்டல பாய்."

 அவர் கழுவிய தன் கைகளைப் பார்த்தார். "சரி, டீயக் குடி" என்று மட்டும் சொன்னார். பள்ளிவாசலில் அதற்குள் ஜும்மா தொழுகை முடிந்திருந்தது. ஆபீஸிலேயே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துத் தனியாகத் தொழுதார். 

6. பதில்

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாசலில் யார் நின்றாலும், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள். வேலை தொடங்கும்போதே குமிழில் பனி இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு நான் சொல்லிக்கொள்வது வேறு. அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தேன். இப்போதும் பாயின் குரலில்தான் படிக்கிறேன், ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக் குரலில். ஆதாம் எங்கே இருக்கிறான் என்று கடவுளுக்குத் தெரியும். குளிரில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரியும். தெரிந்தவரால்தான் அப்படி அழுதுகொண்டு கூப்பிட முடியும். இதை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, தப்பாகவும் இருக்கலாம்.

டீஃப்ராஸ்ட் நேரத்தில் சில நாள் அந்த நடை கேட்கிறது. கடைசி வரிசையில் தொடங்கி, வரிசை வரிசையாக. ரோமம் சிலிர்க்கிறது, இன்னும் பழகவில்லை. ஆனால் ஒளிவதில்லை.

"இங்கதான் இருக்கேன்" என்கிறேன்.

"யாருக்குண்ணே பதில் சொல்ற? நான் இன்னும் கூப்டவே இல்லையே" என்று வாசலிலிருந்து சரவணன் கேட்கிறான்.