முன்சுவருக்கு வந்த சீர்

எங்கள் புது வீட்டைப் பார்த்து முதலில் துக்கம் விசாரித்தவர் பால்காரர். சைக்கிளை நிறுத்தி, முன்சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பூச்சு வேலைக்குள்ள கைய கடிச்சிடுச்சா?" என்று அப்பாவிடம் தணிந்த குரலில் கேட்டார். இல்லை, இதுதான் டிசைன் என்றார் அப்பா. வெளியே அப்படித்தான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று பால்காரர் தேற்றிவிட்டுப் போனார்.

அந்தச் சுவர் அத்தையின் வேலை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் பரம்பரையில் கட்டடக்கலை படித்த முதல் ஆள். கடற்கரைப் பக்கம் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் இருக்கும் நெல்லித்தோப்பில் வீடுகள் பேருந்தில் நிற்பவர்களைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்தால் அடுத்த வீட்டு மிக்சி சத்தம்தான் உள்ளே வரும். முன்பக்கம் ஒன்றுதான் வெளியைப் பார்த்த பக்கம். அங்கே நீலக் கண்ணாடி பதிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கடலூர் ரோட்டில் அப்போது புதிதாக எழும்பிய கட்டடங்களெல்லாம் நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு மினுக்கின. அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டாள். "கிழக்கு வெயிலுக்குக் கண்ணாடி வச்சா உள்ள இட்லி அவிக்கலாம்ணே."

அதற்குப் பதில் அவள் செங்கலைப் பூசாமல் விட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி வைத்து, உள்பக்கம் கொசுவலை அடித்து அந்தச் சுவரை எழுப்பினாள். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிளம்பும். அது ஓட்டைகள் வழியாகக் கூடத்துக்குள் நுழைந்து, மாடிப்படிக்கு மேலே கூரையில் விட்டிருந்த திறப்பு வழியாக வெளியேறும். நான் காகிதத்தைக் கிழித்துக் கூடத்தில் பறக்கவிட்டுச் சோதித்தேன். ஒன்பது வயதில் எனக்கு அந்த வீட்டின் மேல் பைத்தியமே பிடித்திருந்தது. தெருவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. புறா வளர்க்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு அத்தையின் ஆபீஸ் பெரிய சார் வருவதாக இருந்தது. இரண்டு வருடமாக அத்தை அடுத்தவர் வரைந்த வீடுகளுக்குக் குளியலறை மட்டுமே வரைந்துகொண்டிருந்தாள். இந்தச் சுவரையும் இந்தக் காற்றையும் பார்த்து அவர் ஒப்புக்கொண்டால், அடுத்த வீட்டை முழுசாக அவள் கையில் கொடுப்பார். அத்தை இதைச் சொன்ன நாளிலிருந்து நான் தெருப்பிள்ளையாரிடம் அவருக்காகத் தனியாக ஒரு தோப்புக்கரணம் போட்டுவந்தேன்.

விசேஷத்துக்கு முந்தின நாள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் குடும்பத்தோடு கிளம்பினோம். புது வீட்டில் காவலுக்கு இருந்தது மாமா. அம்மாவின் அண்ணன். தவளக்குப்பத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் பயிர் வைக்கிறவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மனசு. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்.

சாயங்காலம் திரும்பி வந்து தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினால், எங்கள் வீட்டைக் காணோம். அதாவது வீடு இருந்தது, முன்சுவர் இல்லை. ஓட்டைகளையெல்லாம் செங்கல் துண்டு வைத்து அடைத்து, மேலே வழவழவென்று சிமெண்ட் பூசி, நடுவில் ஒரு தாமரைப் பூவும் வைத்திருந்தார் மாமா. ஊரிலிருந்து மூன்று கொத்தனார்களைக் கூட்டிவந்திருந்தார். வேட்டியெல்லாம் சிமெண்ட். முகத்தில் கல்யாண மாப்பிள்ளை களை. தங்கச்சி வீடு பூசாமல் கிடப்பதைப் பார்த்து ஊர் பேசுகிறது, தாய்மாமன் சீராகத் தட்டும் துணியும் எல்லாரும்தான் வைப்பார்கள், இது என்னுடைய சீர் என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். அத்தை அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாமரை நல்லா இருக்கு மாமா" என்றாள். பிறகு விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் அழுகை வந்தது, நானும் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். அண்ணனிடம் நானே சொல்லி இடிக்கச் சொல்கிறேன் என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உள்ளே போய்விட்டது. அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுப்பாகத் தலையாட்டினாள்.

"வேணாம் அண்ணி. உங்க அண்ணன் முகத்தப் பாத்தீங்கல்ல? சார் இன்னொரு நாள் வரட்டும்."

மறுநாள் காலை கூடத்தில் ஹோமம். ஐயர் நெய்யை ஊற்ற ஊற்ற, புகை எழுந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஜனம். பக்கங்களில் ஜன்னல் இல்லை. முன்சுவரில் தாமரைதான் இருந்தது. தள்ளிவிடக் காற்று இல்லாததால் கூரைத் திறப்புப் பக்கமும் புகை போகவில்லை. இறங்கி எங்கள் மேலேயே உட்கார்ந்துவிட்டது. சித்தப்பா இருமினார், அப்புறம் ஆளாளுக்கு இருமினார்கள். சபையில் முன்வரிசையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்த மாமாவின் மீசை வழியாகக் கண்ணீர் வடிந்தது. கடைசியில் ஐயரே மந்திரத்தை நிறுத்தி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகை போக வழி இல்லாமல் யார் இந்த வீட்டுக்குப் பிளான் போட்டது என்று கேட்டார்.

கூடம் முழுக்க அத்தையைத் திரும்பிப் பார்த்தது. அத்தை தரையைப் பார்த்தாள். அம்மா எழுந்திருக்கப் போனாள். அதற்குள் மாமா அத்தையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அத்தையைப் பார்த்தார். துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"பிளான் மேல குத்தம் இல்ல சாமி. புள்ள வழி வச்சுத்தான் கட்டிச்சு. நாந்தான் தெரியாம அடைச்சுட்டேன்."

சொன்ன கையோடு வாசலுக்குப் போய், உளியும் சுத்தியலும் எடுத்துத் தன் சீரைத் தானே உடைக்க ஆரம்பித்தார். பூச்சு இன்னும் சரியாக இறுகவில்லை. ஓர் அடிக்கு ஒரு செங்கல் துண்டு விழுந்தது. முதல் ஓட்டை திறந்ததும் புகை ஒரு வால் போல வெளியே நீண்டது. நாங்கள் பிள்ளைகளெல்லாம் கைதட்டினோம். பத்து ஓட்டை திறந்தபோது வீடே சுருட்டுப் பிடிப்பதுபோல் இருந்தது. தீப்பிடித்துவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர் குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார்.

இன்னொரு நாள் வரச் சொல்லி அத்தை விட்ட தகவல் போய்ச் சேரவில்லை போல, அந்த நேரம் பார்த்துப் பெரிய சார் வந்து இறங்கினார். புகைவிடும் சுவரையும், உளியோடு நிற்கும் மீசைக்காரரையும் பார்த்து அவர் அப்படியே நின்றுவிட்டார். மாமா அவரை யாரோ எங்கள் சொந்தக்காரர் என்று நினைத்து, தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போனார். கடல்காற்று எந்தப் பக்கமிருந்து வரும், கூடத்தில் எப்படித் திரும்பும், கூரையில் எதற்குத் திறப்பு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அதில் பாதி அவர் அந்த நிமிடம்தான் கண்டுபிடித்தது. சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பின்னால் நின்ற அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சாப்பாடு முடிந்த பிறகு கரண்ட் போனது. சார் கிளம்பவில்லை. கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தவர், ஓட்டைகள் வழியாகக் காற்று வரத் தொடங்கியதும் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். எழுந்ததும், அடுத்து வரப்போகிற வீட்டை நீயே முழுசாகப் பார் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். நான் சந்தோஷத்தில் கூடத்துக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டே இருந்தேன்.

பந்தல் பிரிக்கிற நேரத்தில் மாமா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். மிச்சப் பூச்சையும் தட்டிவிட்டுப் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்றார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டை ஓட்டையாக, நடுவில் தாமரையோடு, யாரும் வரையாத ஒரு சுவராக அது நின்றது. புதுப் பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருக்க வேண்டுமாம். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரப்பர் குழாயால் சுவருக்குத் தண்ணீர் பீய்ச்சினாள். அது ஓட்டை வழியாக வந்து உள்ளே இருந்த எங்களை நனைத்தது. நாங்கள் கத்திக் குதித்தோம். உன் சுவரைக் கெடுத்த பூச்சுக்கு நீயே ஏன் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று கேட்டேன். அத்தை என் முகத்திலும் கொஞ்சம் பீய்ச்சினாள்.

பக்கத்தில் அம்மா, விடைபெற வந்த அப்பா வழிச் சொந்தங்களிடமெல்லாம் அது எங்கள் அண்ணன் பூசியது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து முந்தின நாள் வரைக்கும் அம்மா அதை "உங்க அத்தை கட்டுற வீடு" என்றுதான் சொல்லிவந்தாள். அன்று சாயங்காலம் எங்களைப் பார்த்து, "நம்ம வீட்ட ஈரமாக்காதீங்க, வெளிய வந்து ஆடுங்க" என்று கூப்பிட்டாள். நான் ஆட்டத்தில் இருந்தேன், எனக்கு அது காதில் விழுந்ததோடு சரி. அத்தை குழாயைத் தாழ்த்திக்கொண்டு ஒரு நிமிடம் அம்மாவையே பார்த்தாள். பிறகு தாமரைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.