விருந்தாளிகளுக்கான ஸ்லைடு

தொண்ணூறுகளின் நடுவில், தீவில் இருந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான் மூத்த உதவியாளன். நுண்ணோக்கியில் பொருத்த ஒரு கேமரா வாங்க அனுமதி கிடைத்திருந்தது. ஒன்றுதான் வாங்கலாம். அது தேவைப்பட்டதும் ஒருவருக்குத்தான்: யாழ்ப்பாணக் குடும்பத்திலிருந்து வந்த பெண் விரிவுரையாளர். உயிருள்ள செல்களில் சாயம் ஏற்றி, அவை ஒளிர்வதைப் படம் பிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. அந்த ஒளி கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நுண்ணோக்கியின் விளக்கை அதிக நேரம் காட்டினால் அணைந்தும் போகும்.

சோதித்துப் பார்க்க இரண்டு கேமராக்கள் வந்தன. ஒன்று குளிரூட்டப்பட்டது, கறுப்பு வெள்ளை மட்டும். மற்றது வண்ணக் கேமரா. பதினொரு நாள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தினேன். மூடியைப் போட்டு வெறும் இருட்டையும் படமெடுத்தேன். குளிரூட்டியதில் இருட்டு இருட்டாகவே இருந்தது. வண்ணக் கேமராவில் மணலை வாரி இறைத்ததுபோல் புள்ளிகள். டைரியில் எழுதினேன்: "குளிரூட்டியதே. ஐயமில்லை."

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம். வெளியாள் பார்க்க வந்தால், இருப்பதில் நல்ல ஸ்லைடைத்தான் வைப்போம். நானே சாயமேற்றிய வேர்த்துண்டு அது; பச்சையும் சிவப்புமாக எரியும். வீட்டுக்கு வந்தவருக்குப் புதுக் கோப்பை எடுப்பதுபோலத்தான். தேர்வுக் குழு வந்த அன்றும் யோசிக்காமல் அதையே வைத்தேன். அத்தனை வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் படம் காட்டும்.

குழுவுக்குத் தலைமை தாங்கிய துறைத் தலைவர் நம்மவர்தான், தமிழர். குளிரூட்டிய கேமராவின் படத்தைப் பார்த்து, "என்ன தம்பி, செத்த மீன் மாதிரி இருக்கு?" என்றார்.

"அது மங்கலான சாம்பிளுக்கு சார்."

"இங்க மங்கலா ஒண்ணும் காணோமே லா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். விரிவுரையாளர் அந்நேரம் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையில் இருந்தார். பத்து நிமிடத்தில் வண்ணக் கேமரா முடிவானது.

அது வந்ததும் விரிவுரையாளர் தன் செல்களை வைத்துப் பார்த்தார். படம் தெளிவாக வேண்டுமென்றால் கேமராவை அதிக நேரம் திறந்து வைக்கவேண்டும். அதற்குள் ஒளி அணைந்துவிடும். என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"இதுல செல் எது, புள்ளி எதுன்னு நீங்களே சொல்லுங்க அண்ணே."

என்னால் சொல்ல முடியவில்லை.

"கேமரா வித்த ஏஜென்ட் மாத்திக் குடுக்கறேன்னுட்டார். ஆபீசுலதான் காரணம் கேக்குறாங்க. அன்னைக்குக் காட்டினது என்னோட சாம்பிள் இல்லை, தப்பான ஸ்லைடுன்னு நீங்க ஒரு பக்கம் எழுதினா போதும்."

எழுத வேண்டியதெல்லாம் என் டைரியில் இருந்தது. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததில், நான் கொடுத்த அறிக்கை எதையும் யாரும் திருத்தியதில்லை. தப்பான ஸ்லைடு வைத்தேன் என்று என் கையாலேயே எழுதுவதா என்று இரண்டு நாள் கடத்தினேன். மூன்றாம் நாள், "கருவி அதன் விவரக்குறிப்பின்படி இயங்குகிறது" என்று தட்டச்சு செய்து கையெழுத்திட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவர் நின்றபடியே படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லி, தாளை நான்காக மடித்துக்கொண்டு போனார்.

அடுத்த பருவத்தில் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டு, உயிருள்ள செல் தேவைப்படாத வேறொன்றுக்கு மாறினார். அதற்கான ஸ்லைடுகளையும் நான்தான் தயாரித்துக் கொடுத்தேன். வேண்டியதைப் படிவத்தில் எழுதி அனுப்புவார். நேரில் வருவதில்லை.