சாக்பீஸில் உட்கார்ந்திருந்தவர்

ஐப்பசி, காலை எட்டரை. ராமேஸ்வரத்தில் பேருந்து ஏறினேன். ராமநாதபுரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். தங்கச்சிமடத்தில் ஏறிய அருள்மேரி என்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்தார். கடலுக்குப் போன கணவர் வராமல் ஏழு வருடம் ஆகிவிட்டது. அவர் இறந்ததாக அறிவிக்கக் கோரும் மனுவில் கையெழுத்திட வக்கீலிடம் போகிறார். வருவாய்த் துறையில் கோப்புகளைத் தூங்கவைத்தே ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தாள் எந்த மேசையில் நிற்கும் என்று கடல் பாலம் முடிவதற்குள் விளக்கிவிட்டேன்.

"எல்லாம் முடிஞ்சது அய்யா. கையெழுத்துதான் பாக்கி. ரெண்டு தடவ வந்துட்டுத் திரும்பிட்டேன். கை வரல."

வக்கீல் பதினொன்றுக்குத்தான் வருவார். ராமநாதபுரத்தில் இறங்கி அதுவரை இருவரும் நடந்தோம். வழியில் சமஸ்தானக் காலத்துப் பூங்கா; கதவில் துருப்பிடித்த பூட்டு. பூட்டியதற்குக் காரணம் கோப்பில் இருக்கும். கோப்பு எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது. உள்ளே வாதுமை மரங்கள் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தன. நம் ஊரில் இலையுதிர்காலம் கிடையாது என்பதை அவற்றுக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலும்.

கம்பிக் கதவுக்கு முன் நடைபாதையில் கீழக்கரை பாய் ஒருவர் அந்தப் பூங்காவை வண்ணச் சாக்பீஸால் வரைந்திருந்தார். குனிந்து பார்த்தால் வெறும் தூள், தீற்றல். பத்தடி தள்ளி நின்றால் மரம், ஈரம், வெயில். பெஞ்சில் மஞ்சள் சட்டையில் ஓர் ஆள்; முகம் மட்டும் வெறுமை.

அருள்மேரி என் கையைப் பிடித்தார். "இது அவரு. கடலுக்குப் போனன்னிக்கும் இந்த மஞ்சச் சட்டதான்."

கம்பி வழியே பார்த்தேன். பெஞ்சு காலி.

"வரையிறப்ப இருந்தாரு தங்கச்சி. இல்லாதத நான் வைக்கிறதில்ல" என்றார் பாய்.

"கதவு பூட்டியிருக்கே?" என்றேன்.

"அத அவருகிட்டக் கேளுங்க."

"முகத்தப் போடுங்கண்ணே. அவரா இல்லையான்னு பாத்துக்கிறேன்" என்றார் அருள்மேரி.

"கண்ணு மூக்கு போட மாட்டேன். அது அல்லாஹ் வேலை. மனசு சங்கடப்பட்டா நீயே துடைச்சிரு." துணியை நீட்டினார்.

அருள்மேரி அதை வாங்கிக் குனிந்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். "துடைச்சா நான் துடைச்சதால்ல ஆகும்? கையெழுத்தும் அதானே, அய்யா?"



திடீரென்று மழை. பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அருள்மேரி குடையை விரித்து படத்து ஆளின்மேல் பிடித்தார், தான் நனைந்தார். மரங்கள் சிவப்பாகக் கரைந்து சாக்கடைக்குப் போயின. பெஞ்சும் போயிற்று. கழுவிய கருங்கல்லில் மஞ்சள் சட்டைக்காரர் மட்டும் எதன்மேலும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தரையோடு வந்த தண்ணீர் முதலில் காலைத் தொட்டது, பிறகு சட்டையை.

அருள்மேரி குடையை மடக்கினார். "வாங்கய்யா. அதுவாப் போயிருச்சு."

வக்கீல் காட்டிய இடத்தில் தயங்காமல் கையெழுத்திட்டார்.

திரும்பும் பேருந்து பூங்காவை ஒட்டித்தான் போனது. முன் இருக்கையில் அருள்மேரி கண்ணயர்ந்திருந்தார். என் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது; அதற்கு அப்பால் அந்தப் பெஞ்சு. துடைக்கக் கையை உயர்த்தினேன். துடைக்கவில்லை.