இடது ஓரத்தில் ஓடியவர்

என் நோயின் முதல் அறிகுறி வந்தபோது, கள்ளத்தனமாக இறக்கிய பதிவு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மழைக்காலம் ஓய்ந்திருந்தது. பர்மியரின் தடிஞ்சுட் ஒளிப் பண்டிகைக்குப் போட்ட விளக்குகளைச் சில வீடுகளில் இன்னும் கழற்றவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் லத்தா வட்டாரத்தில் இருக்கும் காதர் பாயின் கடைக்குப் போனேன். பாய் மொத்த விலையில் பூட்டும் கீலும் விற்பவர். என் நெடுநாள் நண்பர். யாங்கோனில் எந்த நேரம் மின்சாரம் இருக்கும் என்று யாருமே சொல்ல முடியாத இந்த நாட்களில் அவர் கடையில் ஒரு பேட்டரி இருக்கிறது. அதில் ஓடும் தொலைக்காட்சியில் வாரம் ஒரு கால்பந்து ஆட்டம் பார்ப்பேன். பக்கத்துக் கைபேசிக் கடைக்காரர் இணையத்திலிருந்து இறக்கித் தருவார்.

இந்த ஊரில் எல்லோரும் பார்ப்பது இங்கிலாந்தின் பெரிய அணிகளை. நான் பார்ப்பது ஸ்காட்லாந்தின் கீழ்ப் பிரிவில் ஆடும் ஒருவரை. அவர் விங்கர், மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டியே ஓடி, கோலுக்கு முன்னால் நிற்பவர்களுக்குப் பந்தை அனுப்புகிறவர். இடது ஓரம் அவருடையது. பதினேழு வயதில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, முதல் ஓட்டத்திலேயே வழுக்கி விழுந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். எழுந்தார், கோட்டோரம் போனார், மறுபடியும் பந்துக்காகக் காத்து நின்றார். அன்றிலிருந்து அவரைத் தொடர்கிறேன்.

பெரிய அணி ஒன்று அவரை வாங்கியது. அங்கே போன முதல் வருடமே முழங்காலில் தசைநார் (எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார்) அறுந்தது. பிறகு ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு இரவல். பிறகு படிப்படியாகக் கீழே. நாட்டு அணிக்கு ஒருமுறை அழைத்தார்கள். உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். புகழ்பெற்றவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சுமாரான ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையையும் முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தேதி, எதிரணி, எந்த நிமிடம் இறங்கினார், பந்தை யாருக்குக் கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். என் விதி ஒன்றுதான்: என் கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை. பார்க்கக் கிடைக்காத ஆட்டங்களின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இந்த ஆட்டக்காலத்தோடு ஓய்வு பெறுவதாக அவர் அறிவித்திருந்தார். கடைசி ஆட்டத்தையும் பார்த்து எழுதிவிட்டால் என் வேலை முடியும்.

அன்றைய பதிவில் பந்து இடப்பக்கம் போகும்போதெல்லாம் படம் அறுந்தது. நடு மைதானத்தில் ஒருவர் பந்தை உதைப்பார். பந்து மறையும். சற்றுப் பொறுத்து அது எங்கிருந்தோ கோல்காரரின் கையில் இருக்கும்.

"வெட்டி ஒட்டிக் குடுத்திருக்கான், பாய். பாதி ஆட்டத்தக் காணோம்."

"எங்க வெட்டிருக்கு? நல்லாத்தான ஓடுது."

"நம்ம ஆளு எறங்கவே இல்லியே."

பாய் சிரித்தார். "சயா, கோயிலுக்குத்தான் போயிட்டு வந்தீங்களா, இல்ல வேற எங்கயாச்சுமா? இப்பத்தான் அவரு ரெண்டு பேரத் தாண்டிப் போனாரு."

சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். நான் ஆசிரியர் இல்லை. அலோனில் ஒரு துறைமுகக் கிடங்கில் சரக்கு எழுத்தர். எதற்கெடுத்தாலும் தேதி சொல்வதால் பாய் எனக்கு வைத்த பட்டம் அது.

பதிவைப் பின்னுக்கு ஓட்டினார். பார்த்தேன், இல்லை. மறுபடி ஓட்டினார், இல்லை. படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் திரையில் விரல் வைத்தார்.

"இந்தா, இந்த வெள்ளச் சட்ட யாரு?"

"எங்க வைக்கிறீங்க?"

"வெரலு தெரியலியா அண்ணே?"

தெரியவில்லை. பாயின் தோள் தெரிந்தது. முழங்கை வரை கை தெரிந்தது. அதற்கப்பால் எதுவும் இல்லை. இருட்டாகவோ மங்கலாகவோ இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் எப்படி எதுவும் தெரிவதில்லையோ, அப்படி. பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு டாக்சி பிடிக்க வெளியே ஓடினார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, "லில்லி எப்ப வருவா?" என்று பாயிடம் கேட்டேன். என் மனைவி அப்போது என் இடப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

ஸ்கேன் எடுத்தார்கள் (மூளையை அடுக்கடுக்காகக் காட்டும் படம்). வலப்பக்க மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. பக்கவாதம் (ரத்தம் போகாமல் மூளையின் ஒரு பகுதி செத்துப்போவது) என்றார்கள். கை விழவில்லை, வாய் கோணவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதற்கான நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. சில நாட்களாகவே தட்டின் இடப்பக்கம் வைத்த கறியை நான் தொடவில்லை என்று லில்லி அப்போதுதான் சொன்னாள்.

"கறி புடிக்கலன்னு நெனச்சிட்டேன். புடிக்கலன்னா ஊரக் கூட்டுற ஆளு நீங்க. பேசாம எந்திரிச்சுப் போறீங்களேன்னு எனக்கு உறைக்கல பாருங்க."

மருத்துவர் ஒரு பர்மியப் பெண்மணி. எல்லோரும் அவரைச் சயாமா என்று அழைத்தார்கள். அவர் ஆசீர் என்ற என் பெயருக்கு முன்னால் 'ஊ' என்ற பர்மிய மரியாதைச் சொல்லைச் சேர்த்து அழைத்தார். பார்வை திரும்புமா என்பதை மட்டும்தான் அவரிடம் கேட்டேன்.

"உங்கள் கண்கள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஊ ஆசீர்" என்று பர்மிய மொழியில் சொன்னார். "கண் அனுப்புவதைப் படிக்கிற இடம்தான் போய்விட்டது. திரும்புவதாக இருந்தால் முதல் சில மாதங்களில் திரும்பும். மே மாதம் சோதித்துப் பார்ப்போம். அப்போது என்ன இருக்கிறதோ, அதுதான்."

ஸ்காட்லாந்தில் ஆட்டக்காலம் முடிவதும் மே மாதம்தான். இரண்டில் எது முதலில் வரும் என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

இந்தக் குறைக்கு ஹெமியனோப்பியா என்று பெயர் (இரண்டு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வை போய்விடுவது). இதை எதிர்கொள்கிற குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். போனது எது என்பதை மூளை சொல்லாது. மிச்சமிருக்கும் பாதியையே முழுசு என்று காட்டும். ஒருவர் திடீரென்று ஒரே பக்கத்தில் கதவில் இடித்துக்கொண்டால், தட்டில் ஒரே பக்கத்தை விட்டுவைத்தால், "தெரியுதா?" என்று அவரிடம் கேட்காதீர்கள். தெரிகிறது என்றுதான் சொல்வார், பொய் சொல்கிற எண்ணமே இல்லாமல். அவர் நேரே பார்க்கும்போது பக்கத்தில் உங்கள் விரலை ஆட்டிப் பாருங்கள். அந்த நேரமே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு இரண்டு. கூடவே பயிற்சி: தலையை இடப்பக்கம் திருப்பு, விளிம்பைத் தேடு. புத்தகப் பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அது கண்ணில் படும்வரை திரும்பிவிட்டு அதன்பிறகு வரியைப் படிக்கச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கப் படித்தவன் நான். ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் இப்படித் தேடிப்போக வேண்டியிருந்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் நெற்றி வலித்தது.

கிடங்கில் இடப்பக்கமிருந்து வந்த சரக்கு வண்டி ஒன்று என் செருப்பை உரசிக்கொண்டு போனது. மேலாளர் நல்லவிதமாகத்தான் பேசினார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதோடு வேலை போயிற்று. இந்த ஊரில் வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன. சாலையில் இறங்குகிறவனை முதலில் நெருங்குவது இடப்பக்கமிருந்து வருகிற வண்டி. அதனால் தனியாக வெளியே போவதும் நின்றது. லில்லி என் இடப்பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"இந்தப் பக்கம் நின்னு திட்டுனா மட்டும் காதுல விழுது. ஆளத்தான் தெரியல" என்றாள் ஒருநாள். வேடிக்கையாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் உடைந்தது.

ஆட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. என் கண் பந்தின் மேல் இருக்கும். பந்துக்கு வலப்பக்கம் இருப்பவர்கள் தெரிவார்கள், இடப்பக்கம் இருப்பவர்கள் இருக்கமாட்டார்கள். அவர் அணி திரையின் இடப்பக்கம் தாக்கும்போது, அவர் பந்தோடு வெறும் இடத்தை நோக்கி ஓடுவதுபோல் இருக்கும். எதிரில் தடுக்கவோ வாங்கவோ ஒருவரும் இல்லை.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றார் பாய்.

"நீங்க பாத்தத நான் எப்பிடி எழுதறது, பாய்?"

"சுத்தம்! கண்ணு போனாலும் கொணம் போகல."

அடுத்த வாரம் ஒரு யோசனையோடு வந்தார். "கண்ணாடில தெரியிற மாதிரி படத்தத் திருப்பிப் போடலாமாம். போன் கடக்காரரு சொல்றாரு. எடது வலதாயிரும்."

"அப்ப வலது?"

"அது போயிரும். ரெண்டு வாட்டி பாருங்க அண்ணே. வேல வெட்டி இல்லாமத்தான இருக்கீங்க?"

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். மருத்துவமனையிலிருந்து வந்தபிறகு நான் சிரித்தது அதுதான் முதல்முறை.

அப்படியே பார்த்தேன். முதலில் நேராக, பிறகு திருப்பி. சட்டையில் எண்கள் தலைகீழாகத் தெரியாமல், இடவலம் மாறித் தெரிந்தன. இடது காலால் உதைக்கிற மனிதர் வலது காலால் உதைத்தார். நேர்ப்படத்தில் அவர் அனுப்புகிற பந்து மறையும். திருப்பிய படத்தில் அது போய்ச் சேரும். பேட்டரி தாங்கினால் இரண்டுக்கும் நடுவே ஒரு தேநீர் குடிக்கிற நேரம். தாங்காவிட்டால் அடுத்த ஞாயிறு. இரண்டு பாதிகளும் என் தலைக்குள் ஒட்டவே இல்லை. ஒட்டிவிட்டதாக நினைத்து எழுதுவேன். எழுதியதைச் சிவப்பு நாடாவிலிருந்து படித்துப் பார்த்தால் இரண்டு வேறு ஆட்டங்களைப்போல் இருக்கும்.

குளிர்காலம் போயிற்று. வெயில் ஏறியது. தண்ணீர்த் திருவிழாவில் தெருவே நனைந்துகொண்டிருந்தபோது நான் மாடியில் உட்கார்ந்து விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சில காலைகளில் இடப்பக்கம் ஏதோ அசைவது போலிருக்கும். லில்லியிடம் சொல்வேன். அவள் வந்து விரலை ஆட்டுவாள். "ஆட்டுறியா?" என்று கேட்பேன். உள்ளே போய்விடுவாள்.

கடைசி ஆட்டத்தின் பதிவு மே மாதம் வந்தது. அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தார், முழங்காலில் கட்டு. அந்த நாளில் அவர் நன்றாக ஆடவில்லை. ஆட்டம் முடியச் சற்று முன்பு ஒரு பந்து அவரிடம் வந்தது. தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். இடது காலால் உயரமாக அனுப்பினார். பந்து என் பார்வையின் விளிம்புக்குப் போயிற்று. கூட்டம் ஏதோ சத்தம் போட்டது. சந்தோஷமா ஏமாற்றமா என்று சத்தத்தில் தெரியவில்லை. திருப்பிய படத்தைப் போடுவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது.

"சொல்லட்டா?" என்றார் பாய்.

"வேணாம்."

அந்த வாரத்தின் நடுவில் சோதனை. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். முடிவைச் சயாமா எங்கள் முன் வைத்தார். ஒரு வட்டம்; இடது பாதி முழுக்கக் கறுப்பு. எனக்கு வலது பாதிதான் தெரிந்தது. லில்லி என் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பிக் காட்டினாள்.

"இனி இப்படித்தான், ஊ ஆசீர்" என்றார் சயாமா. "மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்னொரு முறை வரக்கூடாது."

மறு ஞாயிறு மழை தொடங்கியிருந்தது. கடைவாசலில் தண்ணீர் நின்றது. பாய் திருப்பிய படத்தைப் போட்டார். ஆட்டக்காரர் தலையைத் தூக்கினார், உதைத்தார். பந்து வந்தது. மூன்று பேர் எழும்பினார்கள். ஒருவரின் தலையும் எட்டவில்லை. எல்லோரையும் தாண்டி மறுபக்கக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. அவர் இடுப்பில் கை வைத்துச் சற்று நின்றார், பிறகு தன் ஓரத்துக்கு நடந்தார்.

ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு தேதி என்றே இதுவரை எழுதியிருக்கிறேன். அந்தப் பந்துக்கு இரண்டு தேதி எழுதினேன்: அவர் உதைத்ததை நான் பார்த்த நாள், அது விழுந்ததை நான் பார்த்த நாள். நடுவில் ஒரு வாரம். அந்த வாரத்தில் நான் குளித்தேன், சாப்பிட்டேன், இனி இப்படித்தான் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். பந்து காற்றிலேயே இருந்தது.

முன்பு என் உடம்புக்கு இடம், வலம் என்று இரண்டு பக்கங்கள் இருந்தன. இப்போது இருப்பவை இரண்டு நேரங்கள்: இப்போது, சற்றுப் பிறகு. பயிற்சிக்காக லில்லி எல்லாவற்றையும் என் இடப்பக்கமே வைக்கிறாள். இதோ, மேசையில் கோப்பை வைக்கிற சத்தம் கேட்கிறது. தேநீர் வாசனை வந்துவிட்டது. கோப்பை இன்னும் வரவில்லை. தலையைத் திருப்பத் தொடங்குகிறேன்.