நானே தட்டிய ஒரு வரி

நானே எழுதிய ஒரு வரியை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

புனேயில் நிலத்தடி நீர் ஆய்வில் வேலை பார்த்தேன். பக்கத்து ஊரான தேஹு ரோட்டில் மாதம் ஒருமுறை கிணறுகளின் நீர்மட்டத்தை அளப்போம். அங்கேயே குடியிருந்த ஸ்டெல்லா டீச்சர்தான் நான் அங்கே போன நான்கு வருடமும் டேப்பை இறக்கிப் பிடித்தார்; நான் குறித்துக்கொண்டேன்.

அந்த அளவுகளைத் தொகுத்த அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது’ என்று தட்டினேன். யாரும் போடச் சொல்லவில்லை. பழைய அறிக்கைகளில் அப்படித்தான் இருந்தது.

அடுத்த கோடையில் டீச்சர் வந்து, தங்கள் பகுதியில் போர்வெல்லுக்கு இடம் பார்க்க அந்த அளவுகளைக் கேட்டார். மனு எழுதச் சொன்னேன். மேலதிகாரியின் கையெழுத்துக்கு மூன்று மாதமாயிற்று. அதற்குள் குத்துமதிப்பாக ஓரிடத்தில் துளை போட்டுவிட்டார்கள். தண்ணீர் இல்லை. அந்த மூலை வறண்டது என்று என் அறிக்கையிலேயே இருந்தது.

“டேப் புடிச்சது நானு. எங்க கிணத்து அளவ எங்களுக்குக் குடுக்க எவன் கையெழுத்துப்பா வேணும்?” என்றார் டீச்சர்.

அன்றே அந்த வரியை அழித்தேன். ‘யாரும் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தது என்று சொன்னால் போதும்’ என்று எழுதி, எல்லா அளவுகளையும் இணையத்தில் ஏற்றினேன். யாரைக் கேட்டு ஏற்றினாய் என்று மேலதிகாரி கத்தினார். கிணற்றுக்காரர்களை என்றேன்.

மேலதிகாரி மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. என் மேல் இருப்பது ஆறவில்லை.